நானூறு ரூபாய் எர்த் கேபிளும் நான் வாங்கிய பேட்டரிகளும்

எங்கள் வீட்டில் இருப்பது 2015-இல் வாங்கிய சின்ன டீசல் கார். வேலூருக்குள் ஓட்டம், மாதம் இரண்டு முறை சென்னை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியாயிற்று. என்ஜின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் பேட்டரியும் அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும்தான். எங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக்குகளுக்கு அது இன்னமும் டைனமோ.

முதல் பேட்டரி நான்கு ஆண்டு உழைத்து, 2019 மே மாதத்தில் போனது. அதில் குறைபட ஒன்றுமில்லை. வேலூர் வெயிலோடு பானெட்டுக்குள் இருக்கும் என்ஜின் சூடும் சேர்ந்தால், நான்கு ஆண்டு ஓடியதே பெரிது. புதுசு மாட்டினேன். அது 2020 ஜூலையில், பதினான்கே மாதத்தில் படுத்துவிட்டது. லாக்டவுனில் வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்ததால், எல்லாரும் பழியை அதன் மேல் போட்டார்கள். நானும்தான். வாரண்டியில் கொடுக்கப் போனால், கடையில் பேட்டரியை இரண்டு நாள் வைத்துச் சார்ஜ் போட்டுத் திருப்பித் தந்தார்கள். "பேட்டரில ஒண்ணும் இல்ல சார், டைனமோவப் பாருங்க." மெக்கானிக்கிடம் போனால், "டைனமோ ஜம்முனு இருக்கு சார், பேட்டரிய மாத்துங்க." இரண்டு பக்கமும் அலைந்து, கடைசியில் கைக்காசில் மூன்றாவது பேட்டரி வாங்கினேன். அதுவும் ஆறே மாதத்தில், காலையில் செல்ஃப் (என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் சென்னை ரிச்சி தெருவில் வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். இந்த வண்டிக்காக நான் வாங்கியவற்றில் இதுதான் உருப்படியான பொருள்.

முதல் நாளே மீட்டரும் என்னை ஏமாற்றியது. அலுவலகத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்திய சூட்டோடு பேட்டரியில் வைத்தேன். 12.9 காட்டியது. ஆகா, பேட்டரி கல்லு மாதிரி இருக்கிறது என்று தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் 12.2. ஓடி நின்ற பேட்டரியின் தகடுகளில் மேலாக ஒரு சார்ஜ் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த எண்ணை நம்பக் கூடாது. சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பார்க்கலாம். ஆறிய பேட்டரி 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், அவ்வளவுதான் கணக்கு. சார்ஜ் போட்டு ஆறவைத்த பிறகும் 10.5 பக்கமாகவே நின்றால், ஒரு அறை செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேட்டரியை எந்த சார்ஜராலும் எழுப்ப முடியாது.

ஆக, என் பேட்டரி பாதி சார்ஜில் இருக்கிறது. கெட்டுப்போனதா, பட்டினி கிடக்கிறதா? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு இரண்டு வாரம் ஆனது.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். நான் மீட்டர் முனையை டெர்மினல் கிளாம்பின் மேல் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். "சார், கிளாம்புல வைக்காதீங்க. நடுவுல ஈயக் குமிழ் இருக்குல்ல, அதுல வைங்க. அப்புறம் கிளாம்புல வைங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா கிளாம்பு புடிக்கல." சொல்லி முடித்ததும் என் மகனைச் சாவி திருப்பச் சொன்னார். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே எதுவும் காட்டவில்லை. டெர்மினல் சுத்தம். ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி வோல்ட் 10.6-க்குக் கீழே இறங்கவேயில்லை. செல்ஃபோ நோயாளி மாதிரி முனகுகிறது.

விஷயமே அங்கேதான் இருந்தது. எனக்குப் புரியவில்லை, பாய்க்குப் புரிந்துவிட்டது. பேட்டரி தளர்ந்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் சரசரவென இறங்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். பேட்டரி 10.6-இல் நிமிர்ந்து நிற்கும்போது செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், நடுவில் யாரோ வோல்ட்டைத் தின்கிறார்கள். கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் குமிழிலும் சிவப்பு முனையை என்ஜின் உடம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒரே உலோகப் பாதை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மீட்டர் 1.1 காட்டியது.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ப்ளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு அளந்தோம். சும்மா ஓடவிட்டு அளந்தால் இந்தக் கோளாறு சிக்காது. கரண்ட் ஓடினால்தான் வயரின் வண்டவாளம் வெளியே வரும். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.4. பேட்டரியில் 13.5. பிளஸ் வயரில் 0.1 போகிறது, அது சகஜம். மீதி 0.8 எர்த் பக்கம், அதாவது என்ஜினிலிருந்து பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகும் பாதையில். ஆல்டர்னேட்டர் செய்வதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. கடைக்காரர் சொன்னதும் உண்மை, மெக்கானிக் சொன்னதும் உண்மை!

(இதையெல்லாம் செய்யும்போது பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். நான் முதல்முறை வேட்டியோடு போய் நின்றேன். பாய் வீட்டுக்கு விரட்டிவிட்டார்.)

கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிள்தான் குற்றவாளி. பார்வைக்கு முழுசாக இருந்தது. மேல் உறையைக் கத்தியால் கீறியதும் உள்ளே செப்புக் கம்பிகள் பச்சையாகப் பொடிந்து கொட்டின. ஏழெட்டு இழை மட்டும் மிச்சம். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் துரு. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுக் கேபிளை முறுக்கினார். கேபிளும் கூலியும் சேர்த்து 400 ரூபாய். பேட்டரியில் 14.2 வந்தது. என்ஜின் பக்கம் செல்ஃப் அடிக்கும்போது 0.15. மாதக்கணக்கில் அரைச் சாப்பாட்டில் இருந்தால் பேட்டரித் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். இரண்டாவது பேட்டரி அப்படித்தான் போயிருக்க வேண்டும். அதற்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மூன்றாவதைத் தனியாக எடுத்து, சார்ஜரில் ஒரு நாள் முழுக்கப் போட்டு மாட்டினேன். அது 2025 வரை வந்தது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட் மீட்டர் ஒன்றையும் அப்போதே வாங்கினேன், 250 ரூபாய். பேட்டரியில் இருப்பதைவிட 0.2 குறைத்தே காட்டும். அது பரவாயில்லை. தினமும் 14 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒருநாள் 13.1 என்றால் உடனே உறுத்தும். உண்மையில் எண்ணைவிட அந்தப் பழக்கம்தான் எனக்கு உதவியது.

2023 நவம்பரில் உதவியது. சென்னையிலிருந்து இரவில் திரும்புகிறோம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நல்ல மழை. வைப்பர், ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் ஓடுகிறது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல ஒருமுறை எரிந்து அணைந்தது. சாக்கெட் மீட்டரைப் பார்த்தால் 12.3. அடுத்த நிமிடம் 14. மறுபடி 12.2. இனி பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் வீடு போய்ச் சேர வேண்டும். ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தேன். கண்ணாடியில் ஆவி படிய, துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி. வழியில் எங்கும் என்ஜினை நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் 11.7.

மறுநாள் பாய் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஆல்டர்னேட்டர் உடம்பில் லேசாக இரண்டு தட்டு தட்டினார். 14.2 வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. "கார்பன் தேஞ்சிருச்சு சார்." கழற்றிக் காட்டினார். உள்ளே சுற்றும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் சுண்டு விரல் நகத்தளவுகூட இல்லை. புது பிரஷ், ரெகுலேட்டர், இரண்டு பேரிங், பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் சுத்தம் என எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேட்டதற்கு, ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். சுருள் எரிந்திருந்தால் அவர்கள் சொல்வது நியாயம். கார்பன் தேய்ந்ததற்கு அது அநியாயம்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் ஏ.சி. மின்சாரத்தை (திசை மாறி மாறி ஓடுவது) பேட்டரிக்கேற்ற டி.சி.யாக (ஒரே திசையில் ஓடுவது) மாற்றுவது டையோடு. அது போயிருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளக்க வேண்டும். நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1-க்குக் கீழே இருக்கும், அரை வோல்ட் வந்தால் டையோடு காலி. இதில் என் ரிச்சி தெரு மீட்டர் கைவிட்டுவிட்டது. 28 வோல்ட் என்று காட்டிப் பயமுறுத்தியது. மலிவு மீட்டர்கள் சில ஏ.சி.யில் வைத்தாலும் டி.சி.யைச் சேர்த்து இரண்டு மடங்காகக் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டியது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு இன்னொரு மீட்டர் வாங்கிய பிறகே 0.03 என்ற நிஜமான எண்ணைப் பார்த்தேன்.

நடுவில் 2022-இல் இன்னொரு கூத்து. டேஷ்கேம் மாட்டினேன், நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகட்டும் என்று. நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் செல்ஃப் டிக் டிக் என்கிறது. வண்டி நிற்கும்போது எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பார்க்க, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவில் கோத்தேன். கதவைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு (அதற்குள் பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்கியிருக்காது), 280 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் சரி. 280 என்றால் ஒரு நாளைக்கு ஆறே முக்கால் ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவுக் கணக்கு); என் 45 ஏ.எச். பேட்டரியில் பாதிக்கு மேல் நான்கு நாளில் போய்விடும். டேஷ்கேம் ஃபியூஸைப் பிடுங்கியதும் 30-க்கு இறங்கியது. மீட்டர் இப்படிக் கோத்திருக்கும்போது தப்பித்தவறியும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் போய்விடும்.

ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்த்து, வண்டி நிற்கவில்லையென்றால் டைனமோ நல்லது என்று சொல்லும் பழைய வைத்தியம் இன்னும் சில ஒர்க்‌ஷாப்புகளில் நடக்கிறது. யார் கேட்டாலும் விடாதீர்கள். பேட்டரி விலகிய கணத்தில் வோல்ட் எகிறி, வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியை எரித்துவிடலாம்.

என் எண்களை அப்படியே எல்லா வண்டிக்கும் வைத்துப் பார்க்கவும் முடியாது. மச்சானின் புது காரில் சாக்கெட் மீட்டரைச் செருகினால் ஓடும்போதே 12.7 காட்டியது, அவர் பதறிவிட்டார். மைனஸ் டெர்மினலில் சென்சார் வைத்த வண்டி, பேட்டரி நிறைந்திருந்தால் டீசல் மிச்சம் பிடிக்க அதுவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். பிரேக் பிடித்ததும் 14.8-க்கு ஏறியது. கோளாறு எதுவும் இல்லை.

இன்று காலை என் வண்டியில்: ஆறிய பேட்டரி 12.58, செல்ஃப் அடிக்கும்போது 10.7, ஓடும்போது 14.2. மகன் ஆரம்பித்த நோட்டில் குறித்தாயிற்று. முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பெல்ட் ஒரு நொடி கீச்சிடுகிறது. பாயிடம் சொன்னேன், மழைக்கு முன்னாடி மாத்திடலாம் சார் என்றார்.