ஈசி2 சோதனையா, லோட் பேலன்சர் சோதனையா?

அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸில் ஆட்டோ ஸ்கேலிங் குழு (சர்வர்களின் எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி) அமைத்தால், கெட்டுப்போன சர்வரைத் தூக்கிவிட்டுப் புதியதை அதுவே கொண்டுவரும். சரி, கெட்டுப்போனது என்று யார் சொல்வது?

எதையும் மாற்றாவிட்டால் ஈசி2 (அமேசானின் வாடகை சர்வர்) சோதனைதான். மெஷின் ஓடுகிறதா, அடியிலுள்ள வன்பொருளும் நெட்வொர்க்கும் சரியா என்று பார்க்கும். உள்ளே பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் செத்துக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒருநாள் இரவு எங்கள் தளம் முழுக்க 502 பிழை காட்டியது; ஆட்டோ ஸ்கேலிங் பக்கத்திலோ எல்லா சர்வரும் ‘ஹெல்தி’!

வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது லோட் பேலன்சர். அதன் சோதனை கதவைத் தட்டிப் பார்க்கிற ரகம். நாம் கொடுத்த பாதையை 30 நொடிக்கு ஒருமுறை கேட்கும். தொடர்ந்து 2 முறை 200 (‘சரி’ என்ற பதில்) வராவிட்டால் அந்த சர்வர் காலி. (அப்ளிகேஷன் லோட் பேலன்சரின் இயல்பு அளவுகள் இவை.) இதை இயக்கினாலும் ஈசி2 சோதனை கூடவே ஓடும்.

வெப் தளத்துக்கு என் ஓட்டு லோட் பேலன்சர் சோதனைக்கே. ஆனால் இரண்டு இடத்தில் கை சுடும். ஒன்று, கிரேஸ் பீரியட்; அதாவது புதிய சர்வர் எழுவதற்குக் கொடுக்கும் அவகாசம். கன்சோலில் 300 நொடி என்று வரும். கமாண்ட் லைனில் உருவாக்கினால் 0. செயலி எழ 3 நிமிடம் ஆகும் என்றால், எழும் முன்பே கொன்றுவிட்டு அடுத்ததைக் கொண்டுவரும். அப்புறம் அதையும் கொல்லும். இன்னொன்று, சோதனைப் பாதையில் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். அது கொஞ்சம் தடுமாறினாலும் நல்ல சர்வர்கள் மொத்தமாகப் போய்விடும்.

க்யூவிலிருந்து (வேலைகள் காத்திருக்கும் வரிசை) வேலை எடுக்கும் பின்னணி சர்வர்களுக்கு முன்னால் லோட் பேலன்சரே இருக்காது. அங்கே ஈசி2 சோதனை போதும். கூடவே, முடங்கிய சர்வரை செட்-இன்ஸ்டன்ஸ்-ஹெல்த் கட்டளையால் ‘கெட்டுப்போனது’ என்று நாமே கைகாட்டிவிடலாம்.