வெள்ளவத்தை ப்ளாட்டில் ஒரு மேசை அவன்: எட்டு மாதம் பாவித்த பிறகு

கேக் படம் போட்டதிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதைச் சுட்ட மின்சார அவன் (oven) எப்படி, வாங்கலாமா என்று. வாங்கலாம். ஆனால் டயலில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், குசினியில் அதற்கென்று தனி கரண்ட் லைன் இழுக்காமல் பாவிக்கவும் வேண்டாம். அவசரக்காரர்கள் இத்தோடு போகலாம், மற்றவர்களுக்கு முழுக் கதையும் சொல்கிறேன்.

சாமான் இதுதான்: 35 லீட்டர், 1500 வாட், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, 100 முதல் 250 வரை ஒரு வெப்ப டயல், மேல் கம்பியா கீழ் கம்பியா என்று தெரிவுசெய்ய ஒன்று, 60 நிமிட மணி (டைமர்) ஒன்று. காலி றோட்டில் ஒரு கடையில் 34,500 ரூபாவுக்கு எடுத்தேன். கடைப் பெயரும் பிராண்ட் பெயரும் வேண்டாம். இதே பெட்டியை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் இரண்டு கடையில் பார்த்தேன், அதனால் பெயரைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உந்தப் பெட்டிக்குள்ளையோ பிள்ளை கேக் போடப் போறாய்?" என்று கேட்டார். அவர் ஊரில் இருந்த காலத்தில் பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன் மேல் தட்டை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டு கேக் செய்தவர். டயலும் இல்லை, மணியும் இல்லை. கையை மேலே பிடித்துப் பார்த்தே சூடு சொல்லுவார். அந்தக் கதையை நூறு தரம் கேட்டதால் காதில் விழாத மாதிரி இருந்தேன், பிறகு அதே கைதான் உதவியது.

முதல் கேக் சாதாரண பட்டர் கேக். டயலில் 180, மணியில் 45 நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே மேற்பக்கம் பலாக்கொட்டை நிறத்துக்கு வந்து நடுவில் எரிமலை மாதிரி வெடித்துவிட்டது, குச்சியால் குத்தினால் உள்ளே கூழ். மா பிழையோ, பேக்கிங் பவுடர் பழசோ என்று இரண்டு கிழமை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். அம்மாதான் ஒருநாள் வெறும் தட்டில் ஒரு சிட்டிகை கோதுமை மா தூவி உள்ளே வைக்கச் சொன்னார். சில நிமிடத்திலேயே அது கருகியது. "180 எண்டு போட்டிருக்கு, ஆனா இது 180 இல்லை" என்றார், பெரிய எஞ்சினியர் மாதிரி.

சரி என்று கேக் சாமான் விற்கிற கடையில் அவனுக்குள் தொங்கவிடுகிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் மாட்டினேன். டயலில் 180 வைத்தால் உள்ளே 205, சில நேரம் 210. காரணமும் லேசானதுதான். இந்த மாதிரிப் பெட்டிகளில் சூட்டை அளக்கிற துண்டு டயலுக்குப் பின்னால், பக்கச் சுவரோடு ஒட்டி இருக்கும், அதற்குப் படுகிற சூட்டைத்தான் அது அறியும். கேக் இருக்கிறது நடுவில், கம்பிகளுக்கு இடையில். இப்போது டயலில் 155 வைக்கிறேன், தெர்மாமீட்டரில் 175, 180 வருகிறது, கேக் ஒழுங்காக வருகிறது. உங்களுடையது வேறு அளவில் பொய் சொல்லலாம், ஆகவே அவன் வாங்குகிற அன்றே தெர்மாமீட்டரையும் வாங்குங்கள். முழு விலையில் அது ஒரு தூசு.

இந்த இருபத்தைந்து டிகிரிக் கதை கேக்கோடு முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சோடி லவ்பேர்ட்ஸ் இருக்கிறது, கூடு குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில்தான் தொங்கும். அவனோடு வந்த தட்டு கறுப்பு நொன்ஸ்டிக் பூச்சுப் பூசியது. டெஃப்லோன் பூச்சு ஏறக்குறைய 260 டிகிரிக்கு மேல் சூடானால் விடுகிற புகை எங்களுக்கு மணக்கவே மணக்காது, பறவைகளை மட்டும் சில நிமிடத்தில் கொன்றுவிடும், அவற்றின் நுரையீரல் அப்படி. டயல் 250 வரை, அதற்கு மேல் பொய் ஒரு 25, கூட்டிப் பாருங்கள். அந்தத் தட்டை அன்றைக்கே பெட்டிக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன், இப்போது எல்லாம் வெறும் அலுமினியத் தட்டுதான். முதல் நாள் வெறும் அவனை 15 நிமிடம் சூடாக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கும், அப்போது கம்பியில் பூசிய எண்ணெய் புகைந்து வீடே நாறும். பறவை வளர்ப்பவர்கள் அன்று கூட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். நான் பல்கனியில் வைத்தேன், நடுவில் இரண்டு கதவு மூடி.

அடுத்தது கரண்ட். எங்கள் ப்ளாட் பழையது, குசினியில் இருந்த ஒரே 13 அம்பியர் பிளக்கை ஃபிரிட்ஜ் பிடித்திருந்தது. நான் மடைச்சி மாதிரி பழைய உருண்டைப் பின் பிளக்கில் செருகிய எக்ஸ்டென்ஷன் போர்டில் அவனையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டேன். இரண்டாம் கிழமை பிளாஸ்டிக் கருகுகிற மணம், போர்டின் தலை உருகிச் சாய்ந்திருந்தது. வந்த எலக்ட்ரீஷியன் அண்ணா என்னைத் திட்டவில்லை, கணக்குத்தான் சொல்லித் தந்தார்: 1500 வாட்டை 230 வோல்ட்டால் பிரித்தால் ஆறரை அம்பியர், அந்தப் பழைய சின்ன உருண்டைப் பின் பிளக் ஐந்து அம்பியருக்குத்தான். தனி லைன் ஒன்று இழுத்து, தனி பிரேக்கர் போட்டுத் தந்தார். பில்லைப் பற்றி எல்லோரும் பயப்படுவது போல நானும் பயந்தேன். கம்பி விட்டு விட்டுத்தான் எரிவதால் ஒரு மணித்தியால பேக்கிங்குக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் போகும். ஆனால் இங்கே கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது, ஏற்கனவே படியின் விளிம்பில் நிற்கிற வீடு என்றால் மாசத்தில் நாலு கேக் அடுத்த படிக்குத் தள்ளிவிடும், அப்போது நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். அதனால் சனிக்கிழமை ஒரே சூட்டில் பாண், பணிஸ், கேக் எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிடுகிறேன்.

பாண் நன்றாக வருகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கடைப் பாண் போல பஞ்சாக இருக்காது, தோல் கொஞ்சம் தடிப்பு. பிள்ளைகள் இன்னும் பின்னேரம் தெருவில் பாண் விற்று வரும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டால் என் பாணை மேசையில் போட்டுவிட்டுக் கீழே ஓடுகிறார்கள், அது வேறு விஷயம். மாலு பணிஸுக்கு (மீன் பணிஸ்) மேல் கம்பி கடைசி ஐந்து நிமிடம் போதும். லவ் கேக்தான் இந்த அவனின் உண்மையான பரீட்சை. ரவை, கஜு, தேன், பன்னீர் (றோஸ் வாட்டர்) எல்லாம் போட்டுத் தாழ்ந்த சூட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்க வேண்டிய சாமான் அது, இதில் மணி 60 நிமிடத்தோடு நின்று அவனையும் நிறுத்திவிடும். மறந்தால் போச்சு. தட்டுக்குள் நாலைந்து மடிப்பு பேப்பர் போடுகிற பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள், கீழ்க் கம்பி மிகவும் கிட்ட. ஒரு சின்ன விஷயம்: ஐந்து, பத்து நிமிடம் வைக்க வேண்டுமென்றால் மணியை முதலில் 20ஐத் தாண்டித் திருப்பிவிட்டுப் பிறகு திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பிடிக்காது.

என் பல்கனிச் செடிகளைக் காயவைக்கலாம் என்றும் ஆசைப்பட்டேன், அதற்கு இது சரிவராது. ஆகக் குறைந்தது 100, அதிலேயே இலை பழுப்பாகி மணம் எல்லாம் பறந்துவிடும். வேலை முடிந்து நிறுத்திய பிறகு கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகிக் கொஞ்சம் திறந்து வைத்து, அந்த மிச்சச் சூட்டில் கறிவேப்பிலையைப் பரப்பினால் அழகாக மொறுமொறுக்கும். றோஸ்மேரி வேண்டுமென்று தியத உயனவில் ஒரு சாடி வாங்கி வந்தேன், கொழும்புப் புழுக்கமும் என் தண்ணீர்க் கையும் சேர்ந்து மூன்று கிழமையில் வேரை அழுகவைத்துவிட்டன. கற்பூரவள்ளி மட்டும் கடல் உப்புக் காற்றையும் தாங்கிக் காடாக நிற்கிறது. அதைப் பொடியாக நறுக்கி, உள்ளியும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தட்டைப் பாணின் மேல் தடவிப் பாருங்கள், ஓரிகானோவுக்கு என்று தனியாகக் காசு கொடுக்க மாட்டீர்கள். இரண்டிலும் இருக்கிற வாசனைச் சரக்கு ஒன்றுதான், கார்வக்ரோல் என்று பெயர். செத்த றோஸ்மேரிச் சாடியில் தானாகக் குப்பைமேனி முளைத்தது, பிடுங்கி எறியப்போனால் எங்கள் பூனை சுண்டு வேரைப் பறித்துக்கொண்டு உருண்டு புரண்டது. அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது அன்றுதான் விளங்கியது.

சுண்டுவுக்கு அவனின் மேற்தகடு சிம்மாசனம். எரிகிற நேரம் அது கை சுடுகிற சூடு, கதவுக் கண்ணாடியும் ஒற்றைக் கண்ணாடிதான், என் முழங்கையில் தழும்பு இருக்கிறது. ஆறுவதற்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், அதுவரை மேலே ஒரு கம்பித் தட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். நாய் இருக்கிற வீட்டுக்கு வேறு கவலை. அக்காவின் தெஹிவளை வீட்டு நாய் நான் கொடுத்துவிட்ட றிச் கேக்கில் அரைவாசியைத் தின்றுவிட்டது, அதிலிருந்த முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மிருக வைத்தியர் உடனே கொண்டுவரச் சொல்லி வாந்தி எடுக்கவைத்தார். தப்பிவிட்டது. ஈஸ்ட் போட்ட பச்சை மாவும் அப்படித்தான், வயிற்றுக்குள் போயும் பொங்கும், மூடி வையுங்கள்.

ஆறாம் மாதம் கீழ்க் கம்பி ஒன்று செத்தது. ஒரு வருட வாரண்டி என்று சிரித்துக்கொண்டே விற்ற கடை மூன்று கிழமை எடுத்தது, நான்கு தரம் போன் எடுத்தேன், ஒவ்வொரு முறையும் "நாளைக்கு அக்கா". கம்பியை மாற்றித் தந்தார்கள், காசு எடுக்கவில்லை, அதோடு சரி. கடலோரம் மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: ஸ்குரூவும் உள் கம்பித் தட்டும் ஏற்கனவே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. பாவித்து ஆறியதும் காய்ந்த துணியால் துடைத்து, துவாயால் மூடி வைத்தால் கொஞ்சம் தாமதமாகிறது.

தட்டு வாங்குமுன் உள் ஆழத்தை அளந்து பாருங்கள். 35 லீட்டர் என்றதும் நான் 12 அங்குல பீட்சாத் தட்டு ஒன்று வாங்கினேன். உள்ளே போனது, கதவுதான் மூடவில்லை. இப்போது அது கற்பூரவள்ளிச் சாடிக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிறது.