பெஞ்ச்ல உக்காந்த ரெண்டு பேரு: இகுவடாலாவா, மெலோவா?

ஆண்ட்ரே இகுவடாலா, மெலோங்கிற கார்மெலோ ஆந்தனி, ரெண்டு பேருமே அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல ஆடினவங்க, 1984ல பொறந்தவங்க, ரெண்டு பேர்கிட்டயும் முப்பது வயசுக்கு அப்புறம் ஒரே கேள்விதான் வந்துச்சு, பெஞ்ச்லேர்ந்து வர்றீங்களான்னு, அதாவது ஆட்டத்தைத் தொடங்குற அஞ்சு பேர்ல ஒருத்தரா (ஸ்டார்ட்டரா) இல்லாம, நடுவுல மாத்து ஆளா இறங்குறீங்களான்னு. ஒருத்தருக்கு அதுலயே பேரு கூடிருச்சு, இன்னொருத்தருக்கு ஒரு வருஷம் வேலையே இல்லாம போச்சு.

ஆண்ட்ரே இகுவடாலா 2014 வரைக்கும் ஆடின 758 மேட்ச்லயும் ஸ்டார்ட்டர். அவரோட டீம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் புதுசா வந்த கோச் ஸ்டீவ் கெர் அவரை உக்கார வச்சிட்டு சின்னப் பையன் ஹாரிசன் பார்ன்ஸை இறக்குனார். அந்த ரெகுலர் சீசன்ல இவர் ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணல, சராசரி 7.8 பாயிண்ட், அதுவரைக்கும் அவரோட கேரியர்லயே அதான் கம்மி. நம்பரை மட்டும் பாத்தா ஆளு முடிஞ்சுட்டார்னுதான் தோணும்.

அப்புறம் ஃபைனல்ஸ், ஏழு மேட்ச் சீரிஸ்ல முதல்ல நாலு ஜெயிக்கிறவங்களுக்குக் கப்பு. கிளீவ்லாண்ட் 2-1 லீட்ல இருக்கு, நாலாவது மேட்ச்ல கெர் ஏழடி சென்டர் போகட்டை உக்கார வச்சிட்டு இகுவடாலாவை ஸ்டார்ட் பண்ண வச்சார், இவர் 22 அடிச்சார், அதோட வரிசையா மூணு மேட்சையும் ஜெயிச்சு கப்பைத் தூக்கிட்டாங்க. கிளீவ்லாண்ட் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் அந்த சீரிஸ்ல சராசரி 35க்கு மேல அடிச்சும் போட்ட ஷாட்ல 40 சதவீதம் கூட உள்ள போகல, அவரை அதிகமா மார்க் பண்ணது இவர்தான். ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது அந்த சீரிஸோட சிறந்த ஆட்டக்காரர் அவார்டு, இவருக்கே. (குசும்பு என்னன்னா, பெஞ்ச் தியாகின்னு நாம கொண்டாடுற ஆளுக்கு அந்த அவார்டு வந்ததே திரும்ப ஸ்டார்ட் பண்ண மூணு மேட்சாலதான்.)

இப்ப கார்மெலோ ஆந்தனி. 2013ல லீக்லயே சராசரில டாப் ஸ்கோரர், 28.7. 2017ல ஓக்லஹோமா டீமுக்குப் போனதும் பிரஸ் ஆளுங்க பெஞ்ச் பத்திக் கேட்டப்போ, இதெல்லாம் ஒரு கேள்வியாங்கிற மாதிரி சிரிச்சார். அந்தச் சிரிப்பு கிளிப்புதான் வினையாச்சு. சீசன் முழுக்க ஸ்டார்ட்டராவே ஆடி, முதல் ரவுண்டுலயே யூட்டாகிட்ட தோத்து, பெஞ்சுக்கெல்லாம் வர முடியாதுன்னும் சொல்லிட்டார். அடுத்து ஹூஸ்டன், அங்க பத்தே மேட்ச், கதை முடிஞ்சது. அப்புறம் ஒரு வருஷம் யாரும் கூப்பிடல.

ஆனா இதையும் பாருங்க, 2020-21ல போர்ட்லாண்ட்ல அதே மெலோ பெஞ்ச்லேர்ந்து வந்து சராசரி 13.4 அடிச்சார். இகுவடாலாவோட 7.8ஐ விட எவ்வளவோ மேல. இருந்தாலும் பெஞ்ச்னு சொன்னா நம்ம ஞாபகத்துக்கு வர்றது இகுவடாலாதான்.

ஈகோ ஒரு காரணம்தான், ஆனா எல்லாப் பழியையும் அதுமேல போடுறது எனக்கு உடன்பாடில்ல. இகுவடாலா கையில பந்து இல்லன்னாலும் டிஃபென்ஸ், பாஸ், ஓட்டம்னு அவர்கிட்ட வேலை இருக்கு. மெலோவோட கலையே பந்தைக் கையில வச்சு, எதிராளியை ஒரு ஜாப் ஸ்டெப்ல (பாயப் போற மாதிரி காலை முன்னால வச்சு ஏமாத்துறது) ஆட்டிவிட்டு, மிட் ரேஞ்ச்ல, அதாவது நடுத்தூரத்துலேர்ந்து, தூக்கிப் போடுறது. பந்தைப் பிடுங்கிட்டா கார்னர்ல நின்னு த்ரீ (தூரத்துலேர்ந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) போடுற ஒருத்தர்தான் மிச்சம், அந்த வேலைக்கு வேற ஆளுங்க சீப்பா கிடைப்பாங்க.

கிறிஸ் போஷும் கிட்டத்தட்ட இதே கேஸ், டொராண்டோல ராஜா, மயாமில மூணாவது ஆளு. 2013 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்ல பாயிண்ட் ஜீரோ. ஆனா ஆறாவது மேட்ச்ல அவர் எடுத்த ரீபவுண்டும் (மிஸ்ஸான ஷாட்டைப் பிடிச்சது), கார்னர்ல நின்ன டீம்மேட் ரே ஆலனுக்குக் குடுத்த பாஸும் இல்லன்னா ஏழாவதே நடந்திருக்காது.

அதனால ஒருத்தரைத்தான் எடுக்கணும்னா, ஏற்கெனவே ஸ்டார் இருக்குற டீமுக்கு யோசிக்காம இகுவடாலாவை எடுப்பேன். ஸ்டாரே இல்லாத டீமுன்னா 2013 மெலோதான், ஆனா அவரைப் பெஞ்ச்ல உக்கார வைக்கிற பேச்சே எடுக்க மாட்டேன்.