முள் 65-ஐத் தாண்டவில்லை: ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் பொருத்த நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

குன்னூரில் வசிக்கும் நான் ஏர் கூல்டு (காற்றுபட்டே குளிரும்) 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். மனைவியைப் பின்னால் அமர்த்தி, இரு பக்கமும் பெட்டிகளை மாட்டி, மைசூர், வயநாடு என்று அடிக்கடி போய் வருவோம். திரும்பும் வழியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியரும் இரண்டாம் கியருமாகத்தான் போக முடியும். எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிற அந்த நேரத்தில் வண்டியின் வேகம் குறைவாக இருப்பதால், சிலிண்டரைக் குளிர்விக்கப் போதிய காற்று படுவதில்லை. ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்தால் எங்கே நிறுத்தி ஆறவிடலாம் என்று முடிவு செய்யலாமே என்றுதான் டெம்பரேச்சர் மீட்டர் பொருத்த விரும்பினேன்.

ஊட்டியில் உள்ள ஒரு பட்டறையில் மீட்டர், சென்சார், டிரெயின் போல்ட்டுக்கு (எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கும் துளையை மூடும் போல்ட்) பதிலாக மாட்டி, சென்சாரைத் தாங்கும் அடாப்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் என்றார்கள். பில் கேட்டதற்கு, "மெஷின் ரிப்பேர் சார், அப்புறம் வாங்கிக்கங்க" என்று சொல்லி, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான் வற்புறுத்தாமல் வந்துவிட்டேன்; பின்னால் அதுவே எனக்குப் பெரிய இடைஞ்சலாயிற்று.

முதல் வாரம் முழுவதும் முள் 50-க்கும் 60-க்கும் இடையிலேயே நின்றது. போன் செய்து கேட்டபோது, "நம்ம ஊர் குளிருக்கு அப்படித்தான் சார் காட்டும், எஞ்சின் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று பதில் வந்தது. நான் நம்பினேன். இந்த வகை எஞ்சினில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஆயில் பொதுவாக 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். 60-லேயே நின்றால், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், மீட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் இல்லாத காலத்தில் வளைவுக்கு வளைவு எஞ்சினின் ஓசையையும் வாடையையும் கவனித்து, மனம் ஒப்பாவிட்டால் ஓரங்கட்டி நிறுத்தியவன் நான். அந்த முள்ளை நம்பிய பிறகு அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டேன். எனக்கு நேர்ந்த இழப்புகளில் இதைத்தான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

வயநாட்டிலிருந்து திரும்பிய அன்று, கல்லட்டியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தோம். முள் 65-இல் இருந்தது. பின்னால் இருந்த மனைவிதான், "ஏங்க, ஏதோ கருகுற வாடை வருது" என்றார். நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, டிரெயின் போல்ட் இருக்கும் இடத்திலிருந்து ஆயில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தின் இடப்பக்க விளிம்பு நனைந்து கறுத்திருந்தது. அளவுக் குச்சியின் நுனியில்கூட ஆயில் படவில்லை. அந்தச் சக்கரத்தோடு இன்னும் இரண்டு வளைவுகள் சாய்ந்து திரும்பியிருந்தால் இருவரும் விழுந்திருப்போம் என்பதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. பிக்கப் ஜீப் ஒன்றில் வண்டியை ஏற்றி ஊர் வந்து சேர்ந்தோம்.

காரணம் என்னவென்று மேட்டுப்பாளையத்தில் உள்ள ஒரு லேத்துப் பட்டறைப் பெரியவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அடாப்டரின் உள்மரை 10 மில்லிமீட்டர் விட்டமும் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட நேர்மரை, அதாவது நுனிவரை ஒரே விட்டம். சென்சாரில் இருந்ததோ, அவர்கள் வழக்கில் 'அரைக்கால் இஞ்சி' எனப்படும், நுனி நோக்கிச் சிறுக்கும் கூம்பு மரை. அதன் விட்டம் ஏறத்தாழ 10.3 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 27 மரைகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறியும் விடும். பெரியவர் சென்சாரின் மேல் மரை கேஜை (மரையின் இடைவெளியை அளக்கும் பல்வெட்டிய தகடு) வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: முதல் பற்கள் பொருந்தியிருக்க, போகப்போகக் கேஜுக்கும் மரைக்கும் நடுவே கீற்றாக ஒளி தெரிந்தது. இதை ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்றியதில் அலுமினிய அடாப்டரில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. சூட்டில் அலுமினியம் பித்தளைச் சென்சாரைவிட அதிகம் விரிவதால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே விரிசல் திறந்து ஆயில் கசிந்திருக்கிறது. வீட்டு வாசலில் நின்ற வண்டியின் அடியில் ஒரு சொட்டுகூட நான் பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

மரை சரியில்லை என்பது தெரிந்தேதான் சென்சாரின் மேல் டெஃப்லான் டேப்பை (குழாய் மரையில் கசிவை அடைக்கச் சுற்றும் வெள்ளை டேப்) கெட்டியாகச் சுற்றியிருக்கிறார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடல்தான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. அங்கே டேப் குறுக்கிட்டால் மின்தடை கூடும். சூடு ஏற ஏறத் தடை குறைய வேண்டிய இந்தச் சென்சாரில், கூடுகிற தடையை மீட்டர் குளிர்ச்சி என்றே படிக்கும். வீட்டில் சென்சாரைக் கழற்றி, அதன் உடலுக்குத் தனி எர்த் கொடுத்துக் கொதிக்கும் நீரில் முக்கிப் பார்த்தேன். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சமையலறை வெப்பமானியும் அதையே காட்டியது. மீட்டர் காட்டியது 72. எர்த் சரியாக இருந்தும் குறைவாகக் காட்டியது என்றால், மீட்டர் ஒரு செட்டிலிருந்தும் சென்சார் வேறொரு செட்டிலிருந்தும் எடுத்து மாட்டப்பட்டவை. பியூஸ் போடாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

சிலிண்டரும் பிஸ்டனும் கீறல் விழுந்திருந்ததால் எஞ்சின் வேலைக்கு 11,500 ரூபாய் ஆயிற்று. பட்டறைக்காரரிடம் விரிசலைக் காட்டியபோது, "கல்லு அடிச்சிருக்கும் சார்" என்றார். 4,800 ரூபாயைக்கூடத் திருப்பித் தர மறுத்தார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். பில் இல்லாத குறையை, நல்லவேளையாகப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்த பதிவும், வேலை நடந்தபோது நான் எடுத்த இரண்டு படங்களும் ஓரளவு ஈடு செய்கின்றன. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஊட்டிப் பக்கம் டிரெயின் போல்ட் வழியாகச் சென்சார் மாட்டிக்கொண்ட நண்பர்கள், அடுத்த மலைப்பயணத்துக்கு முன்பாக, வண்டியை நன்றாக ஓட்டி எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடியில் ஓர் அட்டையை விரித்துப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சென்சாரின் கழுத்தில் வெள்ளை டேப் தெரிந்தால், அதைக் கழற்றி இரண்டு மரைகளையும் லேத்துப் பட்டறையில் காட்டும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.