பாறைக்கு வெப்ப ஊசி மீட்டர்: பதினோரு மாதம் பயன்படுத்திய பிறகு

மண் பரிசோதனைதான் எங்கள் பிழைப்பு. பூமிக்கடியில் உயர் அழுத்த கேபிள் போடுகிறவர்கள் அந்தத் தடத்து மண்ணும் பாறையும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்று கேட்பார்கள், ஏனென்றால் கேபிளின் சூடு வெளியே போக வழியில்லை என்றால் அதில் ஏற்றும் மின்சாரத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அதற்காக வாங்கியது இந்த மீட்டர். கம்பெனி பெயர் போடவில்லை. இந்த வகைக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கையில் அடங்கும் பெட்டி, ஒரு வயர், வயர் முனையில் ஊசி. ஊசிக்குள் சூடேற்றும் கம்பியும் வெப்பமானியும் இருக்கின்றன. சில நிமிடம் சூடேற்றி, வெப்பநிலை ஏறுகிற விதத்தைப் பார்த்துக் கடத்துத்திறனைக் கணக்குப் போட்டுக் காட்டிவிடும்.

மண்ணில் குறையே இல்லை. சரிபார்க்க கிளிசரின் குப்பி ஒன்று தருகிறார்கள், அது 0.28 பக்கம் காட்ட வேண்டும் (கடத்துத்திறன் எண்களெல்லாம் வாட்/மீட்டர்·கெல்வினில்), எனக்கு 0.286 காட்டியது. போதும்.

பாறை என்று வந்தால்தான் பாடு. பாறைக்கான ஊசி தடிமன், 4 மி.மீ. இருக்கும், நீளம் 6 செ.மீ. டிரில் போட்டால் துளை எப்படியும் கொஞ்சம் அகலமாகத்தான் விழுகிறது, அந்த இடுக்கில் காற்று நின்றால் தொலைந்தது: காற்றின் கடத்துத்திறன் வெறும் 0.025, கிரானைட்டுக்கு 3ஐ ஒட்டி வரும். ஆகவே கம்ப்யூட்டர் பிராசசருக்குத் தடவுவார்களே, அந்த தெர்மல் பேஸ்ட். துளை நிறைய அடைத்து ஊசியைச் செருகும்போது பசை சுற்றிலும் பிதுங்கி வெளியே வர வேண்டும், வராவிட்டால் உருவிவிட்டு மறுபடி. கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி. முதல் வாரத்திலேயே அரை டப்பா காலி. அப்புறம் டிரில் போட்ட சூடு ஆறும்வரை காத்திருங்கள், ஃபேனை அணையுங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை.

இதையெல்லாம் பழகிய பிறகு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு நைஸ் (gneiss) வகைப் பாறைத் துண்டு வந்தது, கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக. ஒரே கல்லில் இரண்டு துளை போட்டேன். வரிகளுக்குக் குறுக்கே இறக்கிய துளையில் 3.2, வரிகளோடு சேர்த்துப் போட்டதில் 2.8. மூன்று தரம் அளந்தும் அதேதான். விற்றவரிடம் போன் போட்டால், "ஆவரேஜ் எடுத்துக்கோங்க சார்" என்கிறார்!

ஆவரேஜ் எடுத்தால் தப்பு. சூடு ஊசியிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போகிறதே தவிர ஊசியின் நீளவாக்கில் அல்ல. ஊசி குறுக்கே இறங்கும்போது சூடு முழுக்க வரிகளின் தளத்திலேயே ஓடுகிறது, பாறையிலுள்ள மைக்கா (அபிரகம்) தகடுகள் அப்படித்தான் படுத்திருக்கின்றன, அந்தத் திசையில் அவை நன்றாகவே கடத்தும். ஊசி வரிகளோடு படுத்தால் சூடு கொஞ்சம் தளத்தின் வழியே, கொஞ்சம் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. திரையில் வருவது அந்த இரண்டு கடத்துத்திறனையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். தளத்துக்குள் எல்லாத் திசையும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் 2.8ஐ 2.8ஆல் பெருக்கி 3.2ஆல் வகுங்கள்: 2.45. இதுதான் சூடு வரிகளைக் குறுக்கே கடக்கும்போது உள்ள கடத்துத்திறன். எந்தத் துளையிலும் இந்த எண் நேராக வரவே வராது.

நம்பிக்கை வராமல் இன்னொன்றும் செய்து பார்த்தேன். 1847இல் செனார்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் படிகத் தகட்டில் மெழுகு பூசி நடுவில் சூடு வைத்தார், மெழுகு வட்டமாக உருகாமல் நீள்வட்டமாக உருகியது. அதே கல்லில் வரிகளைக் குறுக்காக வெட்டி மெல்லிய பலகை எடுத்து, மெழுகுவத்தியைத் தேய்த்து, சால்டரிங் அயர்ன் முனையை நடுவில் வைத்தேன். உருகிய ஓரம் வரிவாக்கில் 23 மி.மீ., குறுக்கே 20. இந்த விகிதத்தின் வர்க்கம்தான் இரண்டு கடத்துத்திறன்களின் விகிதம்: 1.32. மீட்டர் கணக்கில் 3.2க்கும் 2.45க்கும் உள்ள விகிதம் 1.31. பத்து ரூபாய் மெழுகுவத்தி, லட்சக்கணக்கில் விலை கொடுத்த மீட்டருக்குச் சாட்சி சொன்னது.

கேபிள் வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம்: கேபிளும் ஒரு நீளமான ஊசிதான். அது பாறையில் எந்தத் திசையில் படுக்கப் போகிறதோ அதே திசையில் துளை போட்டால், திரையில் வரும் எண்ணையே ஏறக்குறைய அப்படியே கொடுத்துவிடலாம். களத்திலிருந்து கல்லை எடுக்கும்போதே மார்க்கரால் வடக்கு எது, மேல் எது என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் சாக்கில் கட்டி அனுப்பிய கல்லுக்கு நான் இப்போதெல்லாம் ரிப்போர்ட் கொடுப்பதில்லை.

வெப்பக் கொள்ளளவும் வேண்டும் என்பவர்களுக்கு இரட்டை ஊசி ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 6 மி.மீ. மண்ணுக்குச் சரி. பாறையில் 6 மி.மீ. தள்ளி வளையாமல் இரண்டு துளை போட என்னிடம் ஆள் இல்லை.

மூன்றரை ஸ்டார். பெட்டியோடு வரும் டிரில் பிட் மூன்றாவது துளையிலேயே மழுங்கிவிட்டது, நல்ல கார்பைடு பிட்டாக இரண்டு தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.