டைப்ரைட்டர் ரிப்பன்: ஸ்பூலோடு வாங்குவதா, பழைய ஸ்பூலில் சுற்றுவதா?

எழுத்து மங்க ஆரம்பித்தால் மூன்று வழி உண்டு. ஸ்பூலோடு, அதாவது ரிப்பன் சுற்றியிருக்கும் வட்டுருளையோடு, விற்கும் ரிப்பனை வாங்கி அப்படியே மாட்டலாம். ரிப்பனை மட்டும் எடுத்து, மெஷினோடு வந்த பழைய ஸ்பூலில் சுற்றிக்கொள்ளலாம். இருக்கிற ரிப்பனுக்கே மை ஏற்றலாம். கை கறுத்தாலும் பரவாயில்லை, என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

மை ஏற்றுவது அவசரத்துக்கு ஒரு கடிதம் அடிக்க உதவும், அவ்வளவே. ஸ்டாம்ப் பேட் மை துணியில் சீராகப் பரவாது. கொஞ்சம் கூடினாலும் அச்சின் குழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். தமிழ் மெஷினில் ண, ஞ மாதிரி சுழி எழுத்துகள்தான் முதலில் அடைபடும். கறுப்பு-சிவப்பு ரிப்பனில் இரண்டு நிறமும் கலந்துவிடும். துணி நைந்துபோயிருந்தால் எந்த மையாலும் பயனில்லை.

ஸ்பூலோடு வருவது வேலை மிச்சம்தான். ரிப்பன் அகலம் பெரும்பாலும் அரை அங்குலம் என்பதால் அதில் சிக்கல் வராது. சிக்கல் ஸ்பூலில் வரும். நடுத்துளை, அதைச் சுழற்றும் முள் உட்காரும் இடம், தட்டின் விட்டம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெமிங்டனுக்கு வாங்கியது ஹால்டாவில் உட்காரும் என்று நம்பி வாங்கக் கூடாது.

உட்கார்ந்துவிட்டாலும் ரிவர்ஸ் ஆகுமா, அதாவது ஒரு முனை வந்ததும் ரிப்பன் தானாகத் திரும்பி ஓடுமா என்பதுதான் கேள்வி. என் முடிவே இதை வைத்துத்தான். சில மெஷின்களில் ரிப்பனின் இரு முனைக்கும் சற்று முன்னால் அடித்திருக்கும் உலோகக் கண்ணி, கவட்டை மாதிரியான நெம்புகோலில் மாட்டி இழுக்கும், திசை மாறும். வேறு சிலவற்றில் ஸ்பூலின் நடுவிலேயே சிறு நாக்கு ஒன்று இருக்கும். மேலே சுற்றிய ரிப்பன் தீர்ந்ததும் அது வெளியே தள்ளி ரிவர்ஸைத் தட்டிவிடும். பொதுவாக விற்கும் பிளாஸ்டிக் ஸ்பூலில் இந்த நாக்கு இருக்காது. ரிப்பன் முனையிலேயே நின்றுவிட, அத்தனை அடியும் ஒரே இடத்தில் விழுந்து துணி ஓட்டையாகும். தட்டச்சுத் தேர்வில் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது நடந்தால் பக்கமே போச்சு. அதனால் பழைய உலோக ஸ்பூலை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள்.

சுற்றும்போது செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் ரிப்பன் போகும் வழியையும், ஸ்பூல் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் போனில் படமெடுத்து வையுங்கள். புது ரிப்பனின் முனையை நடுவிலுள்ள கொக்கியில் மாட்டி, முறுக்கு விழாமல், லேசான இழுப்போடு சுற்றுங்கள். தட்டின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினால் ஸ்பூல் உரசி நிற்கும். மிச்சத்தை வெட்டிவிடலாம். வெட்டிய பக்கம் கண்ணி போய்விடும் என்பதால், பழைய ரிப்பனில் கண்ணி இருந்த தூரத்தை அளந்து அதே இடத்தில் ஒரு சிறு முடிச்சுப் போடுங்கள்.

காலி ஸ்பூல் பக்கம் கண்ணி கவட்டையைத் தாண்டி ஸ்பூலுக்குள் போகும்வரை சுற்றிவிட வேண்டும். வெளியே நின்றால் நாலு வரி அடிப்பதற்குள் ரிவர்ஸ் ஆகும். நடுவிலுள்ள ரிப்பன் தாங்கியில் ரிப்பனைக் கோப்பதற்கு, நிறம் மாற்றும் செலக்டரைச் சிவப்பில் வைத்து, நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கீ இரண்டைச் சேர்த்து அழுத்தினால் டைப் பார் (எழுத்து அச்சுள்ள கம்பி) சிக்கிக்கொண்டு தாங்கி மேலேயே நிற்கும். கோத்த பிறகு கையால் மெல்ல விடுவித்துவிடுங்கள். இரு வண்ண ரிப்பனில் கறுப்பு மேலே இருக்க வேண்டும்.

துணி விஷயத்தில் நைலான் மெல்லியது, எழுத்து கூர்மையாக விழும், ஒரே ஸ்பூலில் அதிக நீளம் கொள்ளும். பருத்தி கூடுதல் மை பிடிக்கும், ரோலர் இறுகிப்போன பழைய மெஷினுக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது. இத்தனை பக்கம் வரும் என்று இரண்டுக்கும் கணக்குச் சொல்ல முடியாது. அது அடிக்கிற கையின் கனத்தைப் பொறுத்தது.

மாட்டி முடித்ததும், இரண்டு கோடியிலும் ரிவர்ஸ் விழுகிறதா என்று ஸ்பூலைக் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டே மூடியைப் போடுங்கள். புது ரிப்பனிலும் எழுத்தே விழவில்லை என்றால் செலக்டரைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியில் இருந்தால் அது ஸ்டென்சில் (நகலெடுப்பதற்கான மெழுகுத் தாள்) அடிப்பதற்கானது, ரிப்பன் மேலே எழும்பாது.