உப்புத் தண்ணீர், கச்சான் காற்று, ரோஜாச் செடி: பூச்சி மருந்துகளில் எது நின்றது, எது போனது

வீட்டுத் தோட்டத்துப் பூச்சிக்கு என்று யூடியூபில் சொல்லும் கரைசல்களில் பெரும்பாலானவற்றை இந்தச் சில வருடங்களில் அடித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வீடு உச்சிப்புளிப் பக்கம். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். மண் முழுக்க மணல், போர் தண்ணீர் உப்பு. ஓசூரில் ரோஜா வளர்க்கிறவர் சொல்லும் மருந்து தப்பில்லை. ஆனால் அதே மருந்து இங்கே வந்தால் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

முதலில் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு, கலக்கி அடித்தால் போதும் என்பார்கள். எங்கள் போர் தண்ணீரில் அதைக் கலக்கினால் சோப்பு திரிந்து வெள்ளைத் திப்பியாக மிதக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் எண்ணெய் தனியாக மேலே வந்துவிடும். ஸ்பிரேயர் மூக்கு அடைத்துக்கொள்ளும். முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாக வந்து, கடைசியில் மாட்டிய செடி கருகும். இதற்குச் சரியான வழி இரண்டு. மழைத் தண்ணீரையோ குழாயில் வரும் காவிரித் தண்ணீரையோ மருந்துக்கென்று ஒரு குடம் ஒதுக்கி வைப்பது ஒன்று. இன்னொன்று பூந்திக்கொட்டை. நாலைந்து கொட்டையை ராத்திரி ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் வரும் நுரை, உப்புத் தண்ணீரிலும் திரியாது. எண்ணெயை முதலில் அந்த நுரைத் தண்ணீரில் நன்றாக அடித்துப் பால் மாதிரி ஆன பிறகுதான் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். என் அனுபவத்தில் வேப்பெண்ணெய் வேலை செய்ததும் செய்யாததும் இந்த ஒரு விஷயத்தால்தான்.

வேப்பெண்ணெய் அடித்த மறுநாளே பூச்சி செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவிடாது. அதற்கு நாள் பிடிக்கும். வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் பொழுது சாயும்போது, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை அடிக்கிறேன். அவரையில் வரும் அசுவினிக்கும் கத்திரியில் வரும் வெள்ளை ஈக்கும் நன்றாகக் கேட்கிறது.

மருந்தைக் கையில் எடுக்கும் முன்னால் செடிக்கு வந்திருப்பது பூச்சிதானா என்று பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ரோஜா இலையின் ஓரம் பழுப்பாகக் காய்ந்தால் முக்கால்வாசி அது உப்பு. முதிர்ந்த இலையில், நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பிக்கும். இலைக்கு அடியில் ஒன்றும் ஊராது. ரோஜாவும் பீன்ஸும் உப்பைத் தாங்காத ஜாதி. இதற்கு எத்தனை மருந்து அடித்தாலும் காசுதான் போகும். நல்ல தண்ணீரைத் தொட்டி அடியில் வழிந்து வெளியேறும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் புதுத் துளிர் சுத்தமாக வரும். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக விழுந்து நகர்ந்தால் செஞ்சிலந்தி. விரலால் தேய்த்தால் சிவப்பாகக் கோடு விழும்.

வைகாசி தொடங்கி ஆடி வரை கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். காய்ந்த சூடான காற்றுதான் அதற்குத் தேவை. காலையில் நல்ல தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால் இலை கருகும். அந்த மாதங்களில் காற்று விழும் நேரம் பார்த்துத்தான் மருந்து அடிக்க முடியும். இல்லாவிட்டால் பாதி மருந்து நம் முகத்துக்கு, மீதி பக்கத்து வீட்டு லாத்தா காயப்போட்ட துணிக்கு. "தம்பி, கொடியைப் பார்த்து அடிங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

மிளகாயில் ஒரு சின்ன நுணுக்கம். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஓரளவு கேட்கும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கி அடிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் கொளுத்தும் வெயில் காலத்தில் அடிக்கக் கூடாது, எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை வெந்துவிடும். மழை ஓய்ந்து மார்கழிப் பனியில் ரோஜாவுக்கு வரும் சாம்பல் நோய்க்கும் இதே கந்தகம்தான்.

மஞ்சள் ஒட்டுப்பொறி வாங்கித் தொங்கவிட்டதில் வெள்ளை ஈயைவிட மணல்தான் அதிகம் ஒட்டியது. ஒருமுறை பல்லி ஒட்டிக்கொண்டது. காற்று மறைவான இடம் இருந்தால் வையுங்கள். புளித்த மோர் மனத்திருப்திக்கு. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அசுவினியைக் கொஞ்ச நாள் விலக்கி வைக்கும், அரைக்கிறவர் கண்ணையும் பதம் பார்க்கும். மீன் அமிலம் இங்கே சுலபம், மீன் கழிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது உரம்தான், பூச்சி மருந்து இல்லை. அளவு மிஞ்சி ஊற்றினால் கொழுந்து இளசாகத் தளதளவென்று வந்து அசுவினியைக் கூப்பிடும். பூனைகளையும் கூப்பிடும்.

கத்திரித் தண்டுத் துளைப்பானுக்கு எந்தக் கரைசலும் உதவவில்லை. புழு தண்டுக்குள் போய்விட்ட பிறகு மருந்து எப்படிச் சேரும்? வாடித் தொங்கும் நுனியைத் துளைக்குக் கீழே கிள்ளி எரித்துவிடுவதும், ஓட்டை விழுந்த காயைச் செடியிலேயே விட்டுவைக்காததும்தான் வழி. வெண்டையில் நரம்பு மஞ்சளாகித் தேமல் வந்தால் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அது வைரஸ், குணமாகாது. வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பு வரிசையைத் தேடுங்கள். அது சுரக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும். நான் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து எறும்பை நிறுத்துகிறேன், பூச்சியைப் பூந்திக்கொட்டை நீரில் நனைத்த துணியால் துடைக்கிறேன். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு கண்ணில் பட்டால் அந்த வாரம் மருந்து எடுப்பதில்லை. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி மரவள்ளி, பப்பாளி எல்லாவற்றையும் நாசம் செய்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் கொண்டுவந்து விட்ட ஒரு சின்னஞ்சிறு குளவிதான் அடக்கியது. நம் தோட்டத்திலும் அப்படி வேலை பார்க்கும் ஆட்கள் இருப்பார்கள்.

மருந்துக் கடையில் ரோஜாவுக்கு என்று கேட்டபோது ஒருமுறை சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். முக்கோணத்தில் சிவப்பு மிகக் கொடிய விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு முக்கோண மருந்துகளில் ஒன்றான மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க நம் நாட்டில் தடையே உண்டு. ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கீரை இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் எதற்கு? வாங்காமல் வந்துவிட்டேன்.

பாகல், புடலையில் பழ ஈக்கு, அதை வாசனை காட்டி இழுக்கும் கியூலூர் பொறி வைத்திருக்கிறேன். அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான், முட்டையிடும் பெண் ஈ வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டிவிடுகிறேன். துணிப் பை வெயிலில் இற்றுப்போகிறது என்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் பை ஈரமாகிக் காய் அழுகாதபடி அடியில் கொஞ்சம் திறந்து விட வேண்டும்.